வைத்த கொழுப்பில் எவ்வளவு தங்கியது? ஒரு வருட ஸ்கேன் கண்காணிப்புக்கு என் மதிப்புரை

இடது மார்பில் புற்றுநோய்க் கட்டியை எடுத்து, கதிரியக்கமும் கொடுத்த பிறகு அங்கே ஒரு பள்ளம் விழுந்தது. அதை என் வயிற்றிலிருந்தே எடுத்த கொழுப்பால் நிரப்பிக்கொண்டேன். 2023 ஜூனில், சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில். அறுவை நன்றாகத்தான் நடந்தது, அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நான் எழுத வந்தது அறுவைக்கு முன்னும் பின்னும் அவர்கள் எடுத்த படங்கள், அவற்றிலிருந்து கணக்கிட்ட அளவுகள், அந்த அளவுகளை எனக்கு விளக்கிய விதம் ஆகியவற்றைப் பற்றி. அந்தச் சேவைக்குத்தான் இந்த மதிப்புரை.

மருத்துவமனை பெயரையும் மருத்துவர்கள் பெயரையும் போடவில்லை. இந்தச் சிகிச்சை செய்கிற எந்த இடத்திலும் இதே கண்காணிப்பைக் கேட்கலாம், கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. கீழே ஒரு ஸ்கேன் மையத்தைக் குறை சொல்லியிருக்கிறேன், அதன் பெயரையும் விட்டுவிட்டேன்.

நான் நில அளவைத் துறையில் சர்வேயர். இருபது வருடத்துக்கு மேல் வயல் வரப்பிலும் மனையடியிலும் நின்று அளந்தவள். அதனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஒரு அளவைச் சொன்னால், எங்கிருந்து அளந்தீர்கள், எதை வைத்து அளந்தீர்கள், திரும்ப அளந்தால் இதே எண் வருமா என்று கேட்காமல் இருக்க முடியாது. ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் கேட்டேன். அங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடிவயிற்றிலும் இடுப்புப் பக்கத்திலும், மரத்துப்போகும் மருந்தும் அட்ரினலினும் கலந்த உப்புநீரை ஏற்றுவார்கள். முனை மழுங்கிய மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள். அதைச் சுழற்றும் கருவியில் வைத்தால் மேலே எண்ணெய், நடுவே கொழுப்பு, அடியில் ரத்தமும் நீரும் எனப் பிரியும். நடுப்பகுதியை மட்டும் சிறிய சிரிஞ்சுகளில் நிரப்பி, பள்ளம் உள்ள இடத்தில் மெல்லிய இழைகளாகப் பல அடுக்கில் செலுத்துவார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த சிட்னி கோல்மன் 1990-களில் ஒழுங்குபடுத்திப் பரப்பிய முறை இது. எண்ணம் இன்னும் பழையது. 1893-லேயே ஜெர்மனியில் குஸ்டாவ் நொய்பர் என்ற அறுவை மருத்துவர், கையிலிருந்து எடுத்த சிறு கொழுப்புத் துண்டுகளை முகத்துப் பள்ளத்தில் வைத்திருக்கிறார்.

எனக்கு வைத்தது 130 மி.லி. கேள்வி இதுதான்: அதில் எவ்வளவு உயிரோடு நிற்கும்?

சென்னைக்குப் போவதற்கு முன் வேறு ஓர் ஊரில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தேன். "பாதி நிக்கும்மா, பாதி கரைஞ்சிடும்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். பழக்கத்தில் தெரியும், முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக் காட்டுகிறேன் என்றார். நல்ல மனிதர், கை ராசிக்காரர் என்றும் கேள்விப்பட்டேன். ஆனாலும் எனக்கு அது போதவில்லை. அந்தப் 'பாதி' என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை எல்லா எண்களும் இருக்கின்றன. அளந்த கருவி வேறு, அளந்த மாதம் வேறு, கதிரியக்கம் பட்ட இடமா இல்லையா என்பது வேறு. என் உடம்பில் என்ன நடந்தது என்பதை அந்தச் சராசரி சொல்லாது.

ஏன் ஒரு பகுதி சாகிறது என்பதைச் சென்னை டாக்டர் எனக்குப் படம் போட்டு விளக்கினார். இடம் மாற்றிய கொழுப்புக்கு முதல் சில நாட்கள் ரத்தக் குழாய் கிடையாது. சுற்றியுள்ள திசுவிலிருந்து கசிந்து வரும் ஊட்டத்தை வைத்துத்தான் அது பிழைக்க வேண்டும். ஜப்பானில் யோஷிமுராவின் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு கொழுப்புத் துணுக்கில் வெளி ஓரத்திலிருந்து சுமார் 0.3 மில்லிமீட்டர் ஆழம் வரை உள்ள செல்கள்தான் நேரடியாகப் பிழைக்கின்றன. அதற்கு உள்ளே ஒரு வளையத்தில் பழைய கொழுப்பு செல்கள் செத்து, அங்கேயே இருக்கும் மூல செல்களிலிருந்து புதியவை உருவாகின்றன. நடு மையம் செத்தே போகிறது. அதனால்தான் மொத்தையாக வைக்காமல் இழை இழையாக வைக்கிறார்கள். கதிரியக்கம் பட்ட தோலுக்கு அடியில் ரத்த ஓட்டம் குறைவு, ஆகவே எனக்குப் பாதிக்கும் குறைவாக நிற்கலாம் என்று முன்கூட்டியே சொன்னார். கூடவே ஒரு நல்ல செய்தியும் சொன்னார்: இத்தாலியில் ரிகோட்டி என்பவரின் குழு 2007-இல் காட்டியபடி, கதிரியக்கத்தால் கெட்டிப்பட்ட இடத்தில் கொழுப்பை வைத்தால் அந்தத் திசுவே மிருதுவாகிறது. என் விஷயத்தில் இது முழு உண்மை. தோள்பட்டைப் பக்கம் இழுத்துப் பிடித்திருந்த தோல் ஆறு மாதத்தில் தளர்ந்தது. கையை மேலே தூக்கி அலமாரியிலிருந்து ஃபைல் எடுக்க முடிகிறது. இதை எந்த ஸ்கேனும் எண்ணாகக் காட்டாது, இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சரி, அளவுக்கு வருகிறேன். இந்தச் சேவையின் உயிர்நாடி, அறுவைக்கு முன் எடுத்த படங்கள்தான். ஏனென்று அங்கிருந்த ரேடியாலஜி மேடம் சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் கொழுப்பு பளிச்சென்று தெரியும். மார்பில் ஏற்கெனவே கொழுப்பு இருக்கிறது. வயிற்றிலிருந்து வந்த கொழுப்பு நன்றாகப் பிழைத்துவிட்டால், அது பக்கத்தில் இருக்கும் கொழுப்போடு கலந்து, அதே வெண்மையில், அதே அமைப்பில் தெரியும். இது புதுசு, இது பழசு என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. தனியாகத் தெரிவது செத்த பகுதி மட்டுமே. எண்ணெய் தேங்கிய பை, தழும்பு, சுண்ணாம்பு படிந்த ஓரம் என்று அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆக, பிழைத்ததைக் கணக்கிட ஒரே வழி கழித்தல். இப்போதைய கன அளவிலிருந்து முந்தைய கன அளவைக் கழி, அதை வைத்த அளவால் வகு. முந்தைய அளவு இல்லாவிட்டால் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. எல்லைக்கல் நடாத நிலத்தில் ஆக்கிரமிப்பை நிரூபிக்க முடியாதது போலத்தான் இதுவும்.

இதை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது. நம் ஊர்களில் இந்தச் சிகிச்சை எடுத்துக்கொண்டு, எதிர்பார்த்தது கிடைக்காமல், உனக்கு வெயிட் குறைந்துவிட்டது, உன் உடம்பு ஏற்கவில்லை என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் கையில் ஒரு எண் இல்லை. அறுவைக்கு முன் அரை மணி நேரம் செலவிட்டிருந்தால் அந்த எண் இருந்திருக்கும்.

1950-இல் லிண்டன் பியர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் மனிதக் கொழுப்பைத் தோலுக்கடியில் புதைத்து வைத்து, ஒரு வருடம் கழித்து வெளியே எடுத்து எடை பார்த்தார். ஏறத்தாழ 45 சதவீதம் எடை குறைந்திருந்தது. அவருக்கு இருந்த வழி அது ஒன்றுதான். இன்று வெளியே எடுக்காமலே பார்க்க முடிகிறது. அந்த வசதி இருந்தும் பயன்படுத்தாமல் விடுவது எனக்குப் புரியவில்லை.

முதல் கருவி 3டி கேமரா. ஒரு சிறிய அறை, தரையில் இரண்டு பாத அடையாளம், எதிரே பல கோணங்களில் பொருத்திய லென்ஸ்கள். இடுப்பில் கை வைத்து நிற்க வேண்டும். "அம்மா, மூச்சை விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க" என்று அந்தப் பெண் சொல்வார், ஒரே நொடியில் முடிந்துவிடும். கணினியில் உடம்பின் மேற்பரப்பு முப்பரிமாணமாக வரும். பழைய படத்தின் மீது புதிய படத்தை ஏற்றி, எங்கே உயர்ந்திருக்கிறது, எங்கே தாழ்ந்திருக்கிறது என்று வண்ணத்தில் காட்டும். கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை, ஒவ்வொரு முறையும் எடுக்கலாம்.

முதல் நாளே நான் கேட்டேன்: "இப்பவே இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க, ரெண்டும் ஒத்துப்போகுதான்னு." அந்தப் பெண் மேலே கேட்டுவிட்டு வந்து எடுத்தார். என்னைக் கீழே இறங்கச் சொல்லி, மறுபடி நிற்கவைத்து, மறுபடி. இரண்டுக்கும் இடையே சுமார் 5 மி.லி. வித்தியாசம் வந்தது. இடையில் எதுவும் மாறவில்லை, நின்ற விதமும் மூச்சும் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும். ஆக, இந்தக் கருவியில் 5 மி.லி.க்குக் குறைவான மாற்றத்தை மாற்றம் என்றே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று குறித்துக்கொண்டேன். இந்தக் கேமரா அறைக்குள் போகிற எல்லோரும் இதைக் கேட்கலாம். செலவில்லாத சோதனை.

எனக்கு வந்த எண்கள் இவை. ஒரு மாதத்தில் 118 மி.லி. கூடுதல். என் தங்கை பார்த்துவிட்டு, "அக்கா, ரெண்டு பக்கமும் ஒண்ணு போலவே இருக்கு" என்று சந்தோஷப்பட்டாள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. இதில் பாதிக்குப் பாதி வீக்கம், இந்த எண்ணை மனதில் வைக்காதீர்கள் என்றார். மூன்றாம் மாதம் 84. ஆறாம் மாதம் 66. பன்னிரண்டாம் மாதம் 64. கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கருவியின் பிழைக்குள்ளேயே அடங்குகிறது, அதனால் ஆறு மாதத்திலேயே அளவு நிலைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். யாராவது ஒரு மாதத்துப் படத்தைக் காட்டி 90 சதவீதம் நின்றது என்று விளம்பரம் செய்தால், தயவுசெய்து ஆறாம் மாதப் படத்தைக் கேளுங்கள்.

கேமராவின் எல்லை என்னவென்றால், அது தோலின் வெளிப்பக்கத்தை மட்டுமே பார்க்கிறது. உள்ளே இருப்பது உயிருள்ள கொழுப்பா, நீரா, தேங்கிய எண்ணெயா என்று அதற்குத் தெரியாது. உடல் எடை கூடினாலும் கூடுதல் என்றே சொல்லும். இடம் மாறினாலும் வயிற்றுக் கொழுப்பு வயிற்றுக் கொழுப்பாகவே நடந்துகொள்ளும், எடை ஏறினால் அதுவும் பருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் எடை பார்த்தார்கள், வலது மார்பையும் அதே மாதிரி அளந்தார்கள். வலது பக்கம் மாறாமல் இடது பக்கம் மட்டும் மாறியிருந்தால்தான் அது வைத்த கொழுப்பின் கணக்கு. இதை நான் கேட்காமலேயே செய்தார்கள். முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

அடுத்தது எம்.ஆர்.ஐ. அறுவைக்கு முன் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, ஒரு வருடத்தில் ஒன்று. குப்புறப் படுக்க வேண்டும், மார்பு தொங்குவதற்கு இரண்டு பள்ளங்கள் உள்ள ஒரு தாங்கி இருக்கும், கை இரண்டும் தலைக்கு முன்னால். சத்தம் அதிகம், காதுக்கு அடைப்பு தருவார்கள். கன அளவு பார்ப்பதற்கு மட்டும் என்றால் ஊசி மருந்து வேண்டாம். புற்றுநோய் திரும்பியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பதால் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் கடோலினியம் என்ற, படத்தில் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் ஊசி மருந்தை ஏற்றினார்கள். படம் வந்த பிறகு ஒவ்வொரு துண்டிலும் மார்பின் எல்லையைக் கோடு போட்டுச் சுற்றி, எல்லாத் துண்டுகளையும் கூட்டிக் கன அளவு கணக்கிடுகிறார்கள். மென்பொருள் கோடு போடும், மேடம் சரிபார்ப்பார். எங்கள் துறையின் எஃப்.எம்.பி. என்ற புல அளவை வரைபடத்தில் உட்பிரிவுகளைக் கூட்டுகிற வேலையேதான். அந்தத் திரைக்கு முன்னால் எனக்கு அந்நியமாகவே இல்லை.

முன்பு இடது 412, வலது 498. ஆறாம் மாதம் இடது 473, வலது 497. ஒரு வருடத்தில் இடது 471, வலது 496. ஆக நின்றது 59 மி.லி. வைத்த 130-இல் 45 சதவீதம். அதிலும் எண்ணெய்ப் பைகள் சேர்ந்து சுமார் 3 மி.லி. இருக்கும் என்று மேடம் தனியாகக் கணக்கிட்டுக் கழித்தார். எண்ணெய்ப் பை இடத்தை அடைக்கும், ஆனால் அது உயிரில்லாதது. அதைக் கழித்தால் 43 சதவீதம். கேமரா சொன்ன 49-க்கும் இதற்கும் உள்ள இடைவெளி எனக்கு உறுத்தவில்லை. ஒன்று நிற்கும்போது அளப்பது, மற்றொன்று குப்புறப் படுக்கும்போது அளப்பது. ஒரே கருவியின் எண்களைத் தங்களுக்குள் ஒப்பிடலாம், ஒன்றின் எண்ணை மற்றதோடு ஒட்டவைக்கக் கூடாது.

ஆறாம் மாதம் ஒரு குளறுபடி நடந்தது. இயந்திரத்தில் நேரம் இல்லை, வேறு கிளையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று போனில் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இயந்திரம் மாறினால், துண்டின் தடிமன் மாறினால், 473-இல் 412 போக வந்த அந்த 61-ஐ யாரை நம்பிப் போடுவது? மேடமிடம் நேராகப் பேசினேன். அவரும் அதேதான் சொன்னார், நான்கு நாள் தள்ளி அதே இயந்திரத்தில் நேரம் வாங்கிக் கொடுத்தார். தொலைபேசியில் பேசுகிறவர்களுக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

சி.டி. ஸ்கேனிலும் கொழுப்பைத் துல்லியமாக அளக்கலாம், மற்ற திசுக்களிலிருந்து அது நன்றாகப் பிரிந்து தெரியும். ஆனால் கதிர்வீச்சு உண்டு. ஏற்கெனவே வாங்கிய நெஞ்சுக்கு இதற்காக இன்னும் எதற்கு என்று அவர்களே தவிர்த்துவிட்டார்கள்.

இனி அல்ட்ராசவுண்டும், மார்பின் எக்ஸ்ரேயான மேமோகிராமும். என் குடும்பமே ஒரு வாரம் தூங்காமல் போனது இந்த இடத்தில்தான்.

ஒரு வருடம் நெருங்கும்போது, குளிக்கும் நேரத்தில் வைத்த இடத்திலேயே கெட்டியாக ஒன்று விரலில் தட்டுப்பட்டது. புற்றுநோய் வந்தவளுக்கு அந்த நொடி எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சென்னைக்கு உடனே போக முடியாத நிலை, அதனால் எங்கள் ஊரிலேயே ஒரு ஸ்கேன் மையத்துக்குப் போனேன். கொழுப்பு வைத்திருக்கிறார்கள் என்று முன்மேசையில் சொன்னேன். அந்தப் படிவத்தில் அதை எழுத இடமே இல்லை. உள்ளே டாக்டர் சில நிமிடம்தான் பார்த்தார். பழைய படம் இருக்கிறதா என்று கேட்கவில்லை, நான் பையிலிருந்து எடுத்த, பழைய படங்கள் உள்ள கணினித் தட்டையும் போட்டுப் பார்க்கவில்லை. மாலையில் ரிப்போர்ட் வந்தது: பை-ராட்ஸ் (மார்புப் படங்களில் புற்றுநோய்ச் சந்தேகத்தை எண்ணால் குறிக்கும் முறை) 4, சந்தேகத்துக்குரியது, திசு எடுத்துப் பரிசோதிக்கவும்.

அந்த ரிப்போர்ட்டோடு சென்னைக்குப் போனோம். ரேடியாலஜி மேடம் முதலில் கேட்டது அறுவைக் குறிப்பை. அதில் சர்ஜன் மார்பைக் கடிகார முகமாக வரைந்து, எந்த மணி இடத்தில் எந்த ஆழத்தில் எத்தனை மி.லி. வைத்தார் என்று எழுதியிருந்தார். இப்போது விரலில் தட்டுப்பட்டது இரண்டு மணி இடத்தில், அங்கே 35 மி.லி. வைத்திருக்கிறார்கள். பிறகு மேமோகிராம் எடுத்து, அறுவைக்கு முந்தைய மேமோகிராமைப் பக்கத்தில் வைத்தார். புதிய படத்தில் ஒரு சிறு வட்டம், உள்ளே கொழுப்பின் கருமை, சுற்றிலும் மெல்லிய வெள்ளை விளிம்பு. எண்ணெய்ப் பை. செத்த கொழுப்பு செல்கள் எண்ணெயை விட்டுவிடும், உடம்பு அதைச் சுற்றிச் சுவர் கட்டும், நாளடைவில் அந்தச் சுவரில் சுண்ணாம்பு படியும். புற்றுநோயில் வரும் சுண்ணாம்புப் புள்ளிகள் பொதுவாக மிகப் பொடியாக, ஒழுங்கில்லாமல், ஓரிடத்தில் கூட்டமாக இருக்கும் என்று அவர் வேறொரு மாதிரிப் படத்தையும் காட்டினார். என்னுடையது பை-ராட்ஸ் 2, அதாவது தீங்கில்லாதது. திசு எடுக்க வேண்டியதில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். செத்த கொழுப்பு சில சமயம் புற்றுநோய் மாதிரியே தெரியும், அல்ட்ராசவுண்டில் மட்டும் பார்த்தால் நல்ல மருத்துவருக்கும் சந்தேகம் வரலாம். எனக்கே சந்தேகம் இருந்திருந்தால் ஊசி போட்டுத் திசு எடுத்திருப்பேன் என்று மேடமும் சொன்னார். கட்டி தட்டுப்பட்டால் இது எண்ணெய்ப் பைதான் என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது. என் மனக்குறை அந்த ரிப்போர்ட்டில் எழுதிய எண்ணைப் பற்றியது அல்ல. நான் கையில் வைத்திருந்த பழைய படத்தைப் பார்க்காமல், கொழுப்பு வைத்திருக்கிறார்கள் என்ற ஒரு வரிகூட எழுதாமல் கொடுத்ததைப் பற்றியது.

இந்தப் பயம் மருத்துவ உலகத்துக்கும் இருந்திருக்கிறது. 1987-இல் அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கம், மார்பில் கொழுப்பு வைக்கவே கூடாது என்று சொன்னது. வைத்தால் சுண்ணாம்பு படியும், மேமோகிராமில் புற்றுநோயைக் கண்டுபிடிக்க முடியாமல் போகும் என்பது காரணம். படம் எடுக்கும் கருவிகளும் படிக்கும் திறமையும் வளர்ந்த பிறகு 2009-இல் அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. புற்றுநோய் திரும்ப வருவதை இது தூண்டுமா என்பதை மிலானிலும் ஹூஸ்டனிலும் பல நூறு பெண்களை வைத்து ஒப்பிட்டுப் பார்த்து 2012-லும் 2016-லும் வெளியிட்டார்கள், மொத்தத்தில் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. மிலான் ஆய்வில் ஒரு சிறிய பிரிவில் மட்டும் கேள்வி எழுந்தது. உங்கள் நோயின் வகையைச் சொல்லி உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. நானும் அவர் சம்மதித்த பிறகுதான் தேதி குறித்தேன்.

இன்னொரு விஷயம், பெண்கள் கேட்கத் தயங்குவது. அந்த 3டி படங்கள் யாருக்குப் போகின்றன? முதல் நாள் கொடுத்த ஒப்புதல் படிவத்தில் சிகிச்சைக்காகப் படம் எடுப்பதற்கு ஒரு கையெழுத்து, பாடம் நடத்தவும் கட்டுரையில் போடவும் வேறொரு கையெழுத்து என்று பிரித்து வைத்திருந்தார்கள். இரண்டாவதில் நான் கையெழுத்துப் போடவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அறையில் பெண் டெக்னீஷியன் மட்டும்தான் இருந்தார். உங்கள் இடத்தில் ஒரே கையெழுத்தில் எல்லாவற்றுக்கும் சம்மதம் வாங்கினால், பேனாவால் அடித்துத் திருத்தி எழுதுங்கள்.

செலவு. 3டி கேமராவுக்குத் தனியாக வாங்கவில்லை, அறுவைத் தொகையில் சேர்த்திருந்தார்கள். எம்.ஆர்.ஐ. தனி: மருந்து இல்லாமல் 7,500 ரூபாய், மருந்தோடு 12,000. இதை ஆரம்பத்திலேயே எழுத்தில் கொடுத்திருக்கலாம். நான் பில் கவுண்டரில்தான் தெரிந்துகொண்டேன். காப்பீட்டு நிறுவனம் முதலில் இது அழகுக்கான அறுவை என்று திருப்பி அனுப்பியது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் 08 என்ற எண்ணுள்ளது அழகு சிகிச்சையை விலக்குகிறது. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்கிற மறுசீரமைப்பு அந்த விலக்கில் வராது என்று அதே வரியிலேயே இருக்கிறது. அந்த வரியைக் கோடிட்டு, புற்றுநோய் அறுவை ரிப்போர்ட்டை இணைத்து மறுபடி அனுப்பினேன், அறுவைச் செலவு வந்தது. கண்காணிப்பு எம்.ஆர்.ஐ.க்கு வரவில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்றைக் குறைத்ததற்குக் காரணங்கள் உண்டு. காத்திருப்பு நேரம் அதிகம், காலை பத்து மணி என்றால் ஒரு மணிக்குத்தான் கூப்பிடுவார்கள், வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அன்றைய ரயில் போய்விடும். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் மட்டும்தான். எனக்குப் படிக்கத் தெரியும், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குத் தெரியாது. இடது எவ்வளவு, வலது எவ்வளவு, நின்றது எவ்வளவு என்று தமிழில் நான்கு வரி எழுதிக் கொடுப்பது பெரிய வேலை இல்லை. எம்.ஆர்.ஐ. முழுப் படத்தையும் கணினித் தட்டில் கொடுத்தார்கள், 3டி படத்தைக் காகிதத்தில் அச்சடித்துத்தான் கொடுத்தார்கள். மூலக் கோப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாளை நான் வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் என் அடிப்படை அளவு என்னோடு வர வேண்டும்.

வண்ணப் படத்தில் பழைய தழும்புக்கு நேர் கீழே, ஒரு மணி இடத்தில், இன்னும் 20 மி.லி. அளவுக்குக் குறை தெரிந்தது. இரண்டு மணி இடம் நன்றாக நிறைந்துவிட்டது. முதல் முறை எனக்கு 43 சதவீதம் நின்றது என்ற கணக்கை வைத்தே சர்ஜன் இரண்டாம் முறைக்கு 45 மி.லி. என்று முடிவு செய்தார், அந்த ஓர் இடத்தில் மட்டும். 2025 ஜனவரியில் வைத்தார்கள். அன்று காலையிலேயே புதிதாக 3டி படம், முந்தைய வாரம் அதே இயந்திரத்தில் எம்.ஆர்.ஐ. ஆறாம் மாத எண் வந்ததும் இந்த மதிப்புரையிலேயே சேர்த்துவிடுகிறேன், கூடினாலும் குறைந்தாலும்.